உழவர் நிறுவனத்தின் கணக்கு உறுப்பினருக்குத் தெரிய வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

மூட்டையை இறக்கும் விவசாயிக்கு அன்றைக்கே பணம் வேண்டும். அறுப்புக் கூலி, உரக்கடை பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாமே அந்த ஒரு நாளை நம்பி நிற்கின்றன. அன்று பணம் தர முடியாத உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கப்பட்டிருந்தாலும், தன் உறுப்பினரை முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் பண நிர்வாகத்தை ஊர் முன்னேற்றத்தின் முதல் வேலையாக எங்கள் அமைப்பு கருதுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 300 உறுப்பினர்கள் ஆளுக்கு 2,000 ரூபாய் பங்கு போட்டால் 6 லட்சம். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் அதற்கு ஈடான பங்கு மானியம் கிடைத்தால் மொத்தம் 12 லட்சம். குவிண்டால் 6,000 ரூபாய் விலையில் அந்தப் பணத்துக்கு 200 குவிண்டால்தான் வாங்க முடியும். ஆளுக்கு 67 கிலோ கூட இல்லை. சரக்கை வாங்கியவர் பத்து நாளில் பணம் அனுப்பினால் அதே 12 லட்சம் அந்தப் பருவத்திலேயே மூன்று நான்கு முறை சுழலும். 45 நாள் இழுத்தடித்தால் அறுவடையே முடிந்துவிடும். இந்த இடைவெளியைத் தாங்கும் நடைமுறை மூலதனக் கடன் வங்கியில் கேட்கப் போனால், அங்கே முதலில் கேட்பது தணிக்கை செய்த கணக்கைத்தான்.

அந்தக் கணக்கை எழுதுகிறவருக்கு நாம் என்ன தருகிறோம்? இதே திட்டத்தின் உதவித்தொகையில் கணக்காளர் சம்பளத்துக்கான உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு. இந்தச் சம்பளத்துக்கு வருகிறவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யத் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். மிச்சம் பிடித்த சம்பளம் அபராதமாகப் போகிறது. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்களின் தகுதியே பறிபோகும். அந்த இயக்குநர்களும் விவசாயிகள்தான்.

கம்பெனிச் சட்டத்தில் 2002-ல் வந்த திருத்தம் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஓர் அருமையான விதியைத் தந்தது: உபரியை, யார் எவ்வளவு விளைபொருள் கொடுத்தார் என்று பார்த்து ஊக்கத்தொகையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கால் ஏக்கரில் விளைவித்து ஒழுங்காகக் கொண்டுவந்து போட்ட பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. எடைப் பதிவேடு சரியில்லாத இடத்தில் முதலில் பறிபோவது அவருடைய பங்குதான். பெரிய விவசாயி கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஆகவே அரசிடம் எங்கள் கோரிக்கை: கணக்காளருக்கான உதவியை உயர்த்தி ஐந்து ஆண்டுகள் வரை தர வேண்டும். எத்தனை நிறுவனங்கள் பதிவாயின என்பதோடு, எத்தனை பேருக்கு விற்ற அன்றே பணம் கிடைத்தது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். மானியத்தை நாங்கள் மறுக்கவில்லை. மானியம் நின்ற மறு ஆண்டும் நிறுவனம் கொள்முதல் செய்கிறதா என்பதே எங்கள் அளவுகோல்.

எங்களோடு இணைந்த நிறுவனங்களுக்கும் ஒரு நிபந்தனை வைக்கிறோம். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் கரும்பலகையில் மூன்று தொகைகள் தமிழில் எழுதப்பட வேண்டும்: உறுப்பினர்களுக்குத் தர வேண்டியது, வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டியது, வங்கியில் இருப்பது. வாரந்தோறும், திங்கட்கிழமை காலை எடை தொடங்கும் முன்.