பையன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஆட்டை விற்கலாமா?

கேள்வி: ‘‘என் மகனுக்கு 11 வயது. பொறுப்பு வரட்டும் என்று தை மாதம் ஒரு கிடாக்குட்டியை அவன் கையில் கொடுத்தோம். பெயர் வைத்து, தழை ஒடித்துப் போட்டு, தண்ணீர் காட்டி நன்றாகவே வளர்த்துவிட்டான். தீபாவளிக்கு விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டால் அழுகை இருக்காது என்பது அவர் யோசனை. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?’’

- ஒரு வாசகி, மணப்பாறை.

பதில்: ஆட்டை விற்பதில் தவறில்லை. வெள்ளாடு வளர்ப்பதே அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்றுதான். ஆனால், மறைத்து விற்காதீர்கள். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தவன் சாயங்காலம் வந்து வெறும் கயிற்றைப் பார்த்தால், ‘வேலை மட்டும்தான் நம்முடையது, ஆடு நம்முடையது இல்லை’ என்றுதான் நினைப்பான். அடுத்த குட்டியைக் கொடுத்தால், மனசு வைத்துப் பார்க்கமாட்டான். எதற்காகக் குட்டியைக் கொடுத்தீர்களோ, அதுவே கெட்டுவிடும்.

அவனை உட்கார வைத்து நீங்கள் இருவரும் சேர்ந்து பேசுங்கள். பணம் எதற்குத் தேவை, வீட்டில் என்ன செலவு இருக்கிறது என்று கணக்கைச் சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு இது புரியும். கிடாவைப் பட்டியிலேயே விட்டுவைத்தால் தாயோடும் கூடப்பிறந்த பெட்டைகளோடும் சேர்ந்து இனவிருத்தி கெடும் என்பதையும் சொல்லுங்கள். ‘சந்தைக்குப் போகிற ஆடு கறிக்குத்தானே?’ என்று கேட்டால், ஆமாம் என்றே சொல்லுங்கள். அழுதால் அழட்டும், அதட்ட வேண்டாம். வேறொரு ஆட்டை விற்க வழியிருந்தால், அவன் கேட்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விற்கும் நாளில் கூட இருப்பதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். இருந்தால், கண்மதிப்பில் விலை பேசாமல் தராசில் எடை போடச் சொல்லி, எடையையும் விலையையும் அவனையே எழுத வையுங்கள். கிடைத்த பணத்தில் ஒரு பங்கை அவன் பெயரில் போடுங்கள். 10 வயது முடிந்த பிள்ளைகள் அஞ்சலகத்தில் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம்.

அடுத்த முறை பெட்டைக்குட்டியாகக் கொடுங்கள். வளர்ந்து, சினை பிடித்து, 5 மாதத்தில் குட்டி ஈனும். பெட்டையைப் பட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். கிடாவாகக் கொடுப்பதாக இருந்தால், ‘இதை வளர்த்து விற்கப்போகிறோம்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் குட்டி கொடுக்கும் மற்ற வாசகர்களும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் தண்ணீர் வைப்பது, அகத்தி, வேலிமசால் போன்ற தழைகளைக் கட்டித் தொங்கவிடுவது, கொட்டில் கூட்டுவது, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது... இவ்வளவும் அவர்களால் முடியும். பிரியத்தில் சோறும் அரிசியும் அள்ளி வைத்துவிடுவார்கள். அது அதிகமானால் வயிறு உப்பி ஆடு செத்தே போகலாம். மரவள்ளி இலை, இளஞ்சோளப் பயிர் இரண்டிலும் நஞ்சு உண்டு என்பதை நேரில் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். குடற்புழு மருந்தைப் பெரியவர்கள்தான் ஊற்ற வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து அவசரமாக ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்ட தேதியைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

இன்னொன்று. பிள்ளை மறந்துவிட்டால், ‘அவனுக்குப் புத்தி வரட்டும்’ என்று ஆட்டைப் பட்டினி போடாதீர்கள். முதலில் நீங்கள் தண்ணீர் வையுங்கள். பிறகு அவனிடம் பேசுங்கள்.

வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் வரை தள்ளிப்போடாமல், இந்த வாரமே பையனிடம் சொல்லிவிடுங்கள். மனசைத் தேற்றிக்கொள்ள அவனுக்கும் நாலு நாள் வேண்டும்.