திட்டியது தமிழில், வருந்துவது எம்மொழியில்?

"ஆண்டவருக்கு எல்லா மொழியும் தெரியும், பாவத்தை எந்த மொழியில் அறிக்கையிட்டால் என்ன?" என்று கேட்பார் உளர். பெருந்தன்மைபோல் ஒலிக்கும் இக்கேள்வி உண்மையில் சோம்பலின் குரலேயாகும். ஆண்டவர் அறியாத செய்தியை அறிவிப்பதற்காக எவரும் பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்வதில்லை. செய்தவன் தன் செயலைத் தன் வாயால் பெயரிட்டுச் சொல்லவே செல்கிறான். அப்பெயர் எம்மொழியில் அமைகிறது என்பது அற்பமான வினா அன்று.

பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் நடுவயதுத் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இருபது ஆண்டுகளாகக் குருவின்முன் முழந்தாளிடாதவர், தவக்காலத்தில் மனம் உறுத்தத் திரும்பிச் செல்ல விழைகிறார். அவ்வட்டாரத்திலேயே 2009இல் எழுந்த இறை இரக்க ஆலயம் இருக்கிறது. ஆயத்தம் செய்வோருக்கான ஆங்கில வினாப்பட்டியல்களுக்கும் பஞ்சமில்லை. ஒன்றைக் கையில் எடுத்து, கோபம் உண்டு, பொய் உண்டு எனக் குறியிட்டுச் செல்கிறார். ஆத்தும சோதனை கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் தந்தையின் சொத்தைப் பிரித்த நாளில் தம்பியை நோக்கி அவர் வீசிய சொற்கள் தமிழ்ச்சொற்கள் அல்லவா? திட்டியது தமிழில், பல்லாண்டு கறுவியதும் தமிழில், வருந்துவது மட்டும் வேற்றுமொழியில் என்றால், அவ்வருத்தம் அந்தத் தம்பியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவருமா? 'கோபம்' என்ற ஒற்றைக் குறியீட்டுக்குள் தம்பி மறைந்துபோகிறான்.

இதனை நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் ஒரு போர்த்துக்கீசியர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டே பரதவரிடம் பேச வேண்டியிருந்தது. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளாரோ தமிழைக் கற்று, இடையாள் இன்றியே பரதவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலானார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. இரண்டே ஆண்டுகளில், 1580இல், கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' வெளிவந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் கையேடு அது! அச்சுத்தமிழின் மழலைப் பருவத்திலேயே, தன் குற்றத்தைத் தமிழன் தமிழில் சொல்ல ஒரு நூல் பிறந்துவிட்டது. அயலான் தமிழ் பயின்று செவிசாய்த்தான். இன்று தமிழனே தமிழில் சொல்ல நாணுகிறான்.

மொழி ஒரு தடையன்று என்பதற்குத் திருச்சபைச் சட்டத்தையே சான்று காட்டுவாரும் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 990ஆம் விதி, மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவங்களை அறிக்கையிடலாம் என்கிறது. அம்மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். இவ்விதி எதைக் காட்டுகிறது? மூன்றாம் ஆள் ஒருவரை அவ்விடத்தில் அனுமதித்தாவது, மனம் வருந்துவோனை அவன் மொழியிலேயே பேசவிடத் திருச்சபை இசைகிறது என்பதையே காட்டுகிறது. சான்று காட்டுவோர்க்கு எதிராகவே அச்சான்று பேசுகிறது.

ஆங்கிலத்திலேயே சிந்தித்து, ஆங்கிலத்திலேயே சண்டையிட்டு வளர்ந்தவர் ஆங்கிலத்தில் அறிக்கையிடுவதே நேர்மை. அவரைத் தமிழுக்கு இழுப்பது வேடமாகும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேரே. ஆயினும் அந்த 2.5 பேரும் 'இதற்குத் தமிழில் சொல் இல்லை' என்று கைவிரிப்பதுதான் பொறுக்கத்தக்கதன்று.

சொல் இல்லையா? திருக்குறளின் 15ஆம் அதிகாரம் பிறனில் விழையாமை. 17 அழுக்காறாமை, 18 வெஃகாமை, 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை, 21 தீவினையச்சம். அப்பால் கள்ளாமை, வாய்மை, வெகுளாமை. எந்தச் சமயத்தாரும் தம் நெஞ்சைச் சோதிக்க இதனினும் நுட்பமான வினாப்பட்டியல் வேண்டுமோ? 'புறங்கூறினேன்' என்னும் ஒரு சொல்லில், பேசப்பட்டவர் அங்கில்லை என்பதும் பேசியவனின் கோழைத்தனமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இக்குறள்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், பொருள் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். 'நேற்று நான் யாரைப் புறங்கூறினேன்?' என்று தமிழ் வகுப்பில் எந்த மாணவரேனும் தம்மையே கேட்டுக்கொள்ள இடமளித்ததுண்டா? தேர்வுக்கு மட்டுமே பயன்பட்ட மொழி தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது. இருபது ஆண்டு கழித்து நெஞ்சு கனக்கும்போது அம்மனிதருக்கு அகப்படுவது ஆங்கிலப் பட்டியல்தான். இக்குறையில் ஞானோபதேச வகுப்புக்குப் பங்குண்டு. தமிழாசிரியருக்கும் பங்கில்லாமல் இல்லை.

பழைய செபங்கள் மறந்துவிட்டனவே என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. சொற்பிசகின்றி ஒப்புவிக்காத சிறுவரை அதட்டிய காலத்தின் எச்சம் அது. உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்தது பாவமன்று, குரு எடுத்துக்கொடுப்பார். எத்தனை காலம் ஆயிற்று, நினைவிலுள்ள கனமான பாவங்கள் எவை, இனிச் செய்வதில்லை என்ற உறுதி உண்டா, இவையே வேண்டுவன.

பாசிர் ரிஸிலிருந்து தொடர்வண்டி ஏறி பூகிஸில் இறங்கினால், ஓஃபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இன்றும் நிற்கிறது. அம்மனிதர் அங்கே முழந்தாளிட்டு, "இருபது வருஷம் ஆச்சு, சாமி. தம்பிகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லட்டும்.