மீசை கரைவது எதனால்?

கோரிடோரஸ் கெளுத்தியின் மீசை தேய்ந்து குட்டையானால் வளர்ப்பவர்கள் முதலில் குற்றம் சொல்வது தொட்டியில் கிடக்கும் கல்லைத்தான். கூரான கல் மீசையை அறுத்துவிடுகிறது, மணலைப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் மணலுக்கு மாறியவர்களின் தொட்டியிலும் மீசை கரையத்தான் செய்கிறது.

அமேசான், ஓரினோக்கோ போன்ற தென் அமெரிக்க ஆறுகளிலும் அவற்றில் கலக்கும் ஓடைகளிலும் வாழ்கிற மீன் இது. மணலில் அது இரை தேடுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்வரை முகத்தைப் புதைக்கும், வாய்கொள்ள அள்ளும், தின்னத் தக்கதை நிறுத்திக்கொண்டு மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். பருமனான சரளைக்கல்லில் இந்த வேலையை அதனால் செய்யவே முடியாது. மீசைப் பேச்சே இல்லாவிட்டாலும் மணலைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

சரி, மீசை ஏன் கரைகிறது? கல் இடுக்கில் விழும் தீனி மீனுக்கு எட்டாது. அங்கேயே கிடந்து அழுகும், பாக்டீரியா பெருகும். அந்த அழுக்கைத்தான் கோரி நாள் முழுக்க மீசையால் துழாவுகிறது. கூரான கல் சிறு கீறலைப் போட்டுவிட்டால் கிருமி நுழைய வழி கிடைக்கிறது, கீறலை ஆறவிடாமல் செய்வது அழுக்கு. முதலில் நுனி சிவக்கும், பிறகு மீசை குட்டையாகும், முற்றினால் வாயோரமே புண்ணாகும். அதனால்தான் உருண்டைச் சரளையை ஒழுங்காக சைஃபன் போட்டுச் சுத்தம் செய்கிறவர் தொட்டியில் நீண்ட மீசையோடு கோரிகள் திரிவதும், கவனிப்பாரற்ற மணல் தொட்டியில் மீசையில்லாமல் கிடப்பதும் நடக்கிறது. ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும் மீன்’ என்று சொல்லி இதை விற்பது பெரிய கெடுதல். மற்ற மீன்களின் கழிவை இது தின்னாது. இதற்கென்று அடியில் மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும்.

மணலிலும் தேர்வு உண்டு. எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது, அதன் முனைகள் மழுங்கியிருக்காது, வேண்டாம். கடற்கரை மணலில் உப்போடு சிப்பித் துகளும் இருக்கும், அது நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். சந்தேகமிருந்தால் ஒரு பிடி மணலில் கொஞ்சம் வினிகர் விடுங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சலித்த நைஸான ஆற்று மணலோ நீச்சல்குள ஃபில்டர் மணலோ நல்லது. சோப்பு படாமல், கலங்கல் நிற்கும்வரை அலசிப் போட வேண்டும். 3 முதல் 5 சென்டிமீட்டர் கனம் போதும். அதற்கு மேல் போனால் அடியில் ஆக்ஸிஜன் புகாமல் மணல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை வாடை வரும். மணலில் கழிவு மேலேயே தங்குவதால் சைஃபன் குழாயை உள்ளே குத்தாமல் சற்று மேலாகப் பிடித்தாலே இழுத்துவிடும். பவர் ஃபில்டரை மட்டும் உயர்த்தி மாட்டுங்கள், மணல் உள்ளே போனால் மோட்டார் தேயும்.

குஞ்சு வளர்ப்பவர்கள் வெறும் கண்ணாடி அடித்தளம் வைப்பார்கள். அங்கும் அடியில் படியும் வழுவழுப்பைத் துடைத்தாக வேண்டும்.

கோடையில் இன்னும் விழிப்பு தேவை. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. அழுகும் கழிவு இருப்பதையும் குடித்துவிடும். கோரி அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்குவது இயல்புதான், குடல் வழியாகவும் அது சுவாசிக்கிறது. ஓயாமல் மேலே போய்வந்தால் நீரைச் சோதியுங்கள். குளிர்ச்சியை விரும்பும் பெப்பர் கோரியைச் சென்னை மே மாதத்தில் வைத்திருப்பதைவிட, சூடு தாங்கும் ஸ்டெர்பை வகையை வாங்குவது மேல்.

கல்லை எடுத்துவிட்டு மணல் போடுவதானால் ஒரே நாளில் செய்யாதீர்கள். கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா கல்லிலும் குடியிருப்பதால் மொத்தமாக அள்ளினால் அம்மோனியா ஏறக்கூடும். பாதியை எடுத்து, சில வாரம் விட்டு மீதியை எடுங்கள். மீசையின் அடிக்குருத்து அழியாமல் இருந்தால், நீர் சுத்தமான பிறகு மெல்ல மெல்லத் திரும்ப வளரும்.