மாத்திரை வீட்டுக்கு வருகிறது, கண்ணை யார் பார்ப்பது?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சர்க்கரை மாத்திரைக்காகவும் பிரஷர் மாத்திரைக்காகவும் கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களின் வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்த திட்டம் அது. அதன் பிறகு 2023-ல் ‘இதயம் காப்போம்’ வந்தது, ‘சிறுநீரகம் காப்போம்’ வந்தது. எல்லாம் தேவையானவை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அரிக்கிற அதே வேகத்தில் அரிக்கிற இன்னோர் இடம் கண்ணின் பின்சுவர். அதற்கென்று வாசல் தேடி யாரும் வருவதில்லை.

கண்ணுக்குத் திட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2009-ல் வந்த ‘கண்ணொளி காப்போம்’ பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்தது. 1976-லிருந்து தேசிய பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் இருக்கிறது. 1994-ல் உலக வங்கிக் கடனில் கண்புரை அறுவைச் சிகிச்சைகளைப் பெருக்கிய 7 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சுவரொட்டியில் ‘இலவச கண் சிகிச்சை முகாம்’ என்று பார்த்ததும் ஊர்ப் பெரியவர்கள் மஞ்சள் பையோடு கிளம்பிவிடுவது இந்த உழைப்பின் வெற்றி. அதே வெற்றி ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. கண் என்றால் ஒன்று கண்ணாடி, இல்லாவிட்டால் புரை. இரண்டும் இல்லையென்றால் ‘கண் நல்லா இருக்கு, போங்க’. எத்தனை பேருக்குப் புரை எடுத்தோம் என்று எண்ணியே வளர்ந்த நிர்வாகத்துக்கு, புரை இல்லாத கண்ணில் என்ன எண்ணுவது என்று தெரியவில்லை.

ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் விழித்திரையைப் பார்க்கும் கருவியைப் பற்றி எழுதினார். அன்றிலிருந்து மருத்துவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தோலைக் கிழிக்காமல், ஊசி குத்தாமல், உயிருள்ள மனிதரின் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் கண்ணின் பின்பக்கம்தான். அங்கேயே மூளையிலிருந்து நீண்டு வந்த பார்வை நரம்பின் முனையும் தெரியும். சிறுநீரகத்திலும் மூளையிலும் உள்ள சிறு குழாய்களுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அங்கே முன்தடயம் கிடைக்கும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்த நரம்பு முனை வீங்கும். இவ்வளவு தெரிந்தும், சர்க்கரைக்கு டோக்கன் போடும் அறைக்கும் கண் பார்க்கும் அறைக்கும் நம் ஊரில் பேச்சுவார்த்தை கிடையாது.

சர்க்கரையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. 2022-ல் வெளிவந்த இன்னொரு நாடு தழுவிய ஆய்வு, 40 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது என்றது. 100-க்கு 4 பேருக்குப் பார்வையே போகும் அளவுக்குப் பாதிப்பு. இந்த நோயின் குணமே மோசமானது. நடுப்பார்வையைத் தொடும்வரை வலிக்காது, உறுத்தாது, எழுத்து மங்காது. அட்டையில் கடைசி வரிவரை படித்துக் காட்டுகிறவருக்கும் உள்ளே குழாய்கள் கசிந்துகொண்டிருக்கலாம். திடீரென்று ஒருநாள் கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, கறுப்பு நூல் நூலாக மிதக்கும்போதுதான் ஓடுகிறார்கள். அதற்கு முன்பே பிடித்திருந்தால் லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ பெரும்பாலான பார்வையைக் காப்பாற்றியிருக்கும். வயதான பிறகு வரும் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த அன்றே ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் ஒருமுறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது எல்லா மருத்துவ நூலிலும் உள்ள பாடம்.

அப்புறம் ஏன் போவதில்லை? ‘விழிப்புணர்வு இல்லை’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைக்க வேண்டும். அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். பிறகு சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், எழுத்து தெரியாது, வண்டி ஓட்டக் கூடாது. அதாவது கூட ஓர் ஆள் வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். பேருந்துக்கு இரண்டு டிக்கெட். இவ்வளவையும் தாங்கி, தாலுகா மருத்துவமனைக்குப் போனால், ‘கண் டாக்டர் வெள்ளிக்கிழமை வருவாங்க’ என்று பதில் வரும் நாளும் உண்டு. வலியே இல்லாத ஒரு நோய்க்காக இதைச் செய்ய யார் தயார்? நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டியைக் குறை சொல்லும் முன், மாதச் சம்பளக்காரர்களில் எத்தனை பேர் ஆண்டுதோறும் சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இதற்கு வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை என்பதுதான் எரிச்சல். பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு இல்லாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. படத்தை எடுக்க மருத்துவர் தேவையில்லை, பழகிய கண் உதவியாளர் போதும். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் கிராமத்துப் பார்வை மையங்களில் படம் எடுத்து அனுப்ப, நகரத்திலிருந்து மருத்துவர் திரையில் பேசுகிறார். விழித்திரைப் படத்தைக் கணினி தானே படித்து நோயைச் சொல்லும் என்று 2016-ல் உலகுக்கு அறிவித்த கூகுளின் ஆய்வில், அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் எடுத்த படங்களும் இருந்தன. மதுரைக்காரர்களின் கண்ணும் சென்னைக்காரர்களின் கண்ணும் அந்த இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் கேமரா இருக்கிறதா? சில இடங்களில் இருக்கிறது. இருக்கும் இடத்திலும், சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவரை அங்கே கைகாட்டி விடும் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

நரம்பு சம்பந்தப்பட்ட கண் நோய்களின் கதை இதைவிட மோசம். அங்கே ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடையாது. சில சமயம் மணிக்கணக்கு.

காலையில் நன்றாக இருந்த இமை சாயங்காலமானால் தொங்கும் ஒரு பெண்ணை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். இட்லிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக் கொடுத்தார்கள். முகாமில் ‘தூக்கம் பத்தலம்மா’ என்றார்கள். பிறகு வாயில் சோறு மெல்ல முடியாமல் போனபோதுதான், தசைக்குக் கட்டளை போய்ச் சேராத நோய் என்று ஒரு நரம்பியல் மருத்துவர் கண்டுபிடித்தார். மயஸ்தீனியா என்று பெயர். மாத்திரையில் அவர் இப்போது நன்றாக இருக்கிறார். தொங்கும் இமை மேல் ஒரு பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தால், இந்த நோய் உள்ள பலருக்கு இமை சற்று மேலே எழும். ஐஸ் வாங்கக் காசில்லாத மருத்துவமனை இருக்கிறதா என்ன? சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திடீரென்று ஒரு பக்க இமை மூடி, விழி வெளிப்பக்கம் விலகி, பாப்பாவும் விரிந்திருந்தால், மூளையில் ரத்தக் குழாய் ஒன்று பலூன் போல உப்பி நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது வெடித்தால் உயிர் போகும். சர்க்கரையாலும் இதே நரம்பு படுக்கும், ஆனால் அப்போது பாப்பா பெரும்பாலும் தப்பித்துவிடும். முதல் சந்தேகத்துக்கு ஒரு டார்ச் வெளிச்சம் போதும், சந்தேகம் வந்தால் அன்றே ஸ்கேன். குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை இருண்டு வருவதும், கூடவே நாள்பட்ட தலைவலியும் இருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். கர்ப்பிணிக்குக் கண் முன் மின்னல் அடித்தால் முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பிரசவமான சில நாட்களில் கடும் தலைவலியோடு பார்வை மங்கினால், அதை ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று தள்ளக் கூடாது. மூளையின் சிரைக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஒரு கண்ணில் திரை இறங்கின மாதிரி இருட்டி ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டால், நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். கழுத்துக் குழாயைப் பார்க்காமல் அடுத்த இரண்டு நாட்களைக் கடப்பது சூதாட்டம்.

மருத்துவமனைச் சுவர்களில் பக்கவாதப் படம் ஒட்டியிருக்கிறார்கள். வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிவதும், பார்வையில் ஒரு பாதி காணாமல் போவதும் பக்கவாதமாக இருக்கலாம் என்று அந்தப் படத்தில் ஏன் ஒரு கண்ணையும் வரையக் கூடாது? இப்படி வருகிறவர்கள் 108-ஐ அழைப்பதில்லை. கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள்.

காசநோய்ப் பக்கமும் இதே அலட்சியம். சாதாரண காசநோய்க்கு இன்று ஆறு மாதமும் தரப்படும் கூட்டு மாத்திரையில் எதாம்பியூட்டால் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் எதுவும் ஆவதில்லை. சிலருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, பார்வை நரம்பைத் தாக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரியும். அப்போதே கண்டுபிடித்து மருத்துவர் அந்த மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பார்வை திரும்பும். பயந்து நோயாளி தானாக நிறுத்தினால் காசநோய் முற்றும், அதைச் செய்யவே கூடாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்து அட்டையையும் நிற அட்டையையும் காட்டினால் போதும். முடியாத காரியமா? 2022-ல் இதே தமிழ்நாடு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று தொடங்கி, எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தே விஷயங்களைப் பார்த்து ஆபத்தான நோயாளியைப் பிரித்தெடுக்கப் பணியாளர்களைப் பழக்கியது. ஆறாவதாக ஓர் அட்டையைச் சேர்க்கலாமே.

கண் சொல்லும் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாததன் விலையைக் கள்ளக்குறிச்சி 2024 ஜூனில் பார்த்தது. மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தப்பியவர்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும். பல மணி நேரம் கழித்துத்தான் ‘பனி மூட்டமா தெரியுது’ என்பார்கள். குடிகாரர் உளறல் என்று அதை ஒதுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையும் உயிரும் நழுவும்.

இவ்வளவுக்கும் கண் மருத்துவத்தில் தமிழ்நாடு ஏழை அல்ல. எழும்பூர் கண்ணாஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. அந்தப் பெருமையோடு ஒரு பிரிவினையும் வந்து சேர்ந்தது. கண்ணாஸ்பத்திரி எழும்பூரில், பெரியாஸ்பத்திரி சென்ட்ரல் எதிரில். நிர்வாகத்திலும் இதே கதைதான். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ். தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். சாதாரண நோயாளிக்கு மேல் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுக்கும் துண்டுச் சீட்டு இந்த மூன்று எல்லைகளையும் அவர் கையில் கசங்கியபடி கடக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று எழுதிக்கொடுத்தவருக்குத் தெரியாது. போகாவிட்டாலும் எவரும் கூப்பிடமாட்டார்கள்.

எனவே கோரிக்கை கேமராவோடு முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் படம் எடுத்த தேதி சர்க்கரை நோயாளியின் கையேட்டில் இருக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால், மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அடுத்த முகாம் நாளைச் சொல்லி, போய் வந்தாரா என்று மறுமாதம் கேட்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு கேமராவும், அதன் படங்களைக் குறித்த நாட்களுக்குள் படித்துச் சொல்ல மாவட்ட மருத்துவக் கல்லூரியில் ஒரு மேசையும் வேண்டும். ஆபத்தான படம் என்றால் அங்கிருந்தே தேதி வாங்கித் தர வேண்டும். இமைத் தொங்கல், இரட்டைப் பார்வை, திடீர் இருட்டு ஆகியவற்றோடு வருகிறவரை ‘கண் டாக்டர் வரும் நாளில் வா’ என்று அனுப்பக் கூடாது என்ற ஒரு பக்க உத்தரவு எல்லாப் புறநோயாளிப் பிரிவிலும் ஒட்டப்பட வேண்டும். முகாம் நடத்தும் தொண்டு நிறுவனங்களும் கண்ணாடிக் கடைகளும் அதே தாளைத் தங்கள் சுவரில் ஒட்டலாம், செலவு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் இதை மனுவாகக் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானமாகவும் போடலாம். அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் சபை கூடுகிறது. மனுவில் ‘கண் சிகிச்சை வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள், அதற்கு இன்னொரு புரை முகாம் நடத்திக் கணக்கை முடித்துவிடுவார்கள். ‘எங்கள் வட்டாரத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கும் எத்தனை பேருக்குக் கடந்த ஓராண்டில் விழித்திரைப் படம் எடுத்தீர்கள், அதில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்?’ என்று கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே இரண்டு எண்களைக் கேட்க 10 ரூபாய்தான் கட்டணம்.