முகத்தைப் பாத்திட்டு லப்டொப் வாங்குவம்

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாசையூர் மீன் சந்தையில் ஒரு பத்து நிமிட ஆவணப்படம் எடுத்தனாங்கள். விடியமுதல் வந்து மீன் வெட்டிக் குடுக்கிற ஒரு அம்மாதான் படம் முழுக்க. போனில் எடுத்தது. எடிற்றிங் செய்தது எங்களில் ஒருத்தி புதுசா வாங்கின லப்டொப்பில். ஐ7, 16 ஜிபி றாம். வீட்டில் சீட்டுக் காசு எடுத்துக் குடுத்து, காணாததுக்கு ஒரு சோடிக் காப்பும் அடகுக்குப் போய் வந்த லப்டொப் அது.

பீடத்து மண்டபத்தில் படத்தைப் போட்ட அண்டைக்கு அந்த அம்மாவும் வந்திருந்தா. திரையில் அவவின்ரை முகம் சாம்பல் பூத்துப்போய்க் கிடக்குது. சேலை மட்டும் கண்ணைக் குத்துற செம்மஞ்சள். முடியட்டும் என்று பொறுமையா இருந்து பாத்திட்டு, “என்ன பிள்ளையள், எனக்கு மாப் பூசி விட்டனியளோ?” என்று கேட்டா. எல்லாரும் சிரிச்சவை. நாங்களும் சிரிச்சம்தான்.

புரொஜெக்டரில் பிழை என்றுதான் முதலில் நினைச்சம். பிறகு ஆளாளுக்குப் போனில் போட்டுப் பாத்தம், அதிலும் அதே மாமுகம். பிழை லப்டொப்பின்ரை திரையில். விலை குறைந்த லப்டொப்புகள் கனக்கவற்றில் வாறது ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று எழுதப்படும் திரை. இணையத்திலும் போனிலும் படங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவில்தான் வரும். அந்த நிறங்களில் கிட்டத்தட்ட அறுபது சதவீதத்தைத்தான் இந்தத் திரையால் காட்டேலும். அதில் எல்லாமே வெளிறித் தெரியும், நாங்கள் நிறத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பம். அது பழைய டிஎன் வகைத் திரையாகவும் இருந்தால் இன்னும் கரைச்சல். கொஞ்சம் சரிச்சாலே கறுப்பு முகம் இருண்டு போகும், அதைத் தூக்கி வெளிச்சமாக்குவம். இரண்டையும் நாங்கள் இரவிரவா இருந்து கவனமாச் செய்திருக்கிறம். மாப் பூசினது நாங்கள்தான்.

எங்கடை தோல் நிறம் இதில் முதலில் அடிபடுகிற நிறம். வெள்ளைத் தோலைக் கொஞ்சம் பிழையாக் காட்டினாலும் ஆள் ஆளாத்தான் தெரியும். கபில முகத்தில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான சின்னச் சின்ன வித்தியாசங்களில்தான் ஆளே இருக்கிறார். கலியாண அல்பங்களில் பொம்பிளையை வெளுப்பாக்கிறதைப் பற்றி நாங்கள் வகுப்பில் கட்டுரை எழுதியிருக்கிறம். அதையே தெரியாமல் நாங்களும் செய்து வச்சிருக்கிறம்.

கடையில் ஒருத்தரும் திரையைப் பற்றிச் சொல்லேல்லை. நாங்களும் கேக்கேல்லை. “வீடியோ எடிற்றிங்கோ தம்பி, அப்ப ஐ7 எடுங்கோ” என்றதோடை கதை முடிஞ்சுது. அந்த ஐ7 கூட ஒரு அரைப் பொய். பேருக்குக் கடைசியில் நிற்கிற எழுத்தைப் பாக்கவேணும். ஐ7-1255யூ என்பதில் வேகமான கோர் இரண்டுதான், மற்ற எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற சின்ன கோர்கள். அதே தலைமுறை ஐ5-12450எச் இல் வேகமானவை நாலு. ‘எச்’ பற்றரியைக் குடிக்கும், விசிறி கத்தும், ஆனா எடிற்றிங்குக்கு அந்த ஐ5 தான் தோதானது. நாங்கள் 7 பெரிசு, 5 சின்னன் என்று நினைச்சனாங்கள். கலைப்பீடம்தானே, கணக்குப் பிழைச்சுப் போச்சு.

வேகம் குறைஞ்சால் வழி இருக்கு என்பதுதான் எங்கடை வாதம். போன் வீடியோ சிக்கிச் சிக்கி ஓடுறதுக்குக் காரணம், எச்265 போன்ற வடிவங்களில் சில பிரேம்கள் மட்டும்தான் முழுப் படமா இருக்கும், மற்றதெல்லாம் முந்தினதிலிருந்து என்ன மாறினது என்ற குறிப்புத்தான். ஒவ்வொரு முறையும் லப்டொப் அதைக் கணக்குப் போட்டுக் கட்டவேணும். புரொக்சி என்று சின்னப் பிரதி ஒன்று செய்து அதில் வெட்டி ஒட்டிப்போட்டு, கடைசியில் ஒறிஜினலுக்கு மாறலாம். டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பிலேயே இது இருக்கு. றாம் காணாட்டிப் பிறகு கூட்டலாம், பலகையோடை ஒட்டி வராததா என்று மட்டும் வாங்கமுதல் கேக்கவேணும். இடம் காணாட்டி வெளி டிஸ்க் ஒன்று. திரை பொய் சொன்னால் என்ன செய்யிறது? நல்ல மொனிற்றர் ஒன்று தனிய வாங்கலாம் என்று ஒரு அண்ணா சொன்னார். உண்மைதான், ஒரே அறையில் இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு அது சரி. போர்டிங்குக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலையிற எங்களுக்கு மொனிற்றரை மடியில் வச்சுக்கொண்டு போகேலாது.

பாவிச்ச மக்புக் எயார் எம்1 வாங்கலாமா என்று கேக்கிறவை இருக்கினம். 2020 இல் வந்தது, திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனா 8 ஜிபி எடுத்தால் சாகுமட்டும் 8 ஜிபிதான்.

2022 மார்ச்சுக்கு முதல் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். இரண்டு மாதத்தில் அது 360 ஐத் தொட்டது. அதுக்குப் பிறகு லப்டொப் என்பது ஒரு வீட்டுக்கு ஒருக்கால் வாற சாமான். பிழைச்சால் அடுத்த வருசம் மாத்தேலாது. அதிலும் “ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு டைப் அடிக்கத்தானே” என்று அண்ணன்மார் போய்த் தங்கச்சிக்குத் தெரிவு செய்து கொண்டு வாறது தனிக் கதை. யார் பாவிக்கப் போறதோ அவள்தான் கடைக்குப் போகவேணும்.

போகேக்கை அம்மாவின்ரை படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டு போங்கோ. வெயிலில் எடுத்தது ஒன்று, குசினி வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று. முழுத் திரையில் போட்டு, மூடியை முன்னுக்கும் பின்னுக்கும் சரிச்சுப் பாருங்கோ. முகம் மாறினால் அந்த லப்டொப் வேண்டாம். போனோடு ஒப்பிடுறதென்றால் போன் திரையை ‘நச்சுரல்’ இல் வையுங்கோ, ‘விவிட்’ இல் எல்லாரும் வடிவுதான். ஐபிஎஸ் திரையா, எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று கேளுங்கோ. கடைக்காரருக்குத் தெரியாட்டி மொடல் நம்பரைப் போட்டுத் தேடுங்கோ. நூறுக்குக் கிட்ட இருந்தால், ஐ7 ஐ விட்டு ஐ5 க்கு இறங்கியாவது அதை எடுங்கோ. காப்பு அடகில் இருந்த ஆறு மாதமும் நாங்கள் யோசிச்சு வந்து நிற்கிற இடம் இது.

இப்ப வேறை ஒரு நண்பரின்ரை லப்டொப்பை இரவல் வாங்கி அந்தப் படத்துக்குத் திரும்ப நிறம் செய்யிறம். சேலை உண்மையில் மங்கின குங்குமக் கலர். அடுத்த கிழமை அவவின்ரை வீட்டுக்கே கொண்டு போய்க் காட்டப் போறம்.