வட்டிக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

 

இம்மாதம் என் குறை ஒன்றையே உங்கள் முன் வைக்கிறேன். வட்டியின் தீமையைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நான், வட்டிக்குக் கடன் வாங்கியவன். 2022-இல் என் தங்கையின் திருமணம் நடைபெற்றது. மணமகள் வீட்டாரிடம் மார்க்கம் கேட்காத விருந்தை, ஊர் என்ன பேசுமோ என்றஞ்சிப் பெரிதாக வைத்தேன். அதற்காக, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 50,000 ரூபாய் வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை.

மாதம் 1,500 ரூபாய் வட்டி. இரண்டு ஆண்டுகளில் 36,000 ரூபாய் கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு என்று, பொருளியலில் பட்டம் பெற்ற எனக்குத் தெரியாதா? தெரியும், கணக்கிட்டுப் பார்க்க மனம் துணியவில்லை. ஒருமுறை வட்டி கட்டத் தவறியபோது, கடன் கொடுத்தவர் மதரஸாவின் வாயிலுக்கே வந்துவிட்டார். ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தனர். அன்றிரவு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். கடன் வாங்கியதைவிட அதை மறைத்ததே அவரை வருத்தியது. இரண்டு நாள்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இனி ஒரு ரூபாய் செலவானாலும் இதில் எழுதுங்கள்" என்றார்.

கடனை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது (2:282). அதைப் பல்லாண்டுகள் ஓதிக் கொடுத்த எனக்கு, எழுதுவதன் பயன் அப்போதுதான் விளங்கிற்று.

மாதக் கடைசியில் கணக்கைக் கூட்டினோம். தேநீர்க் கடையில் இருவேளைத் தேநீருக்கும் வடைக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய். மாதத்திற்கு 1,500 ரூபாய். வட்டிக்குக் கொடுத்த அதே தொகை!

தேநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லத் தொடங்கியதில் 1,000 ரூபாய் மிஞ்சியது. வாரம் ஒருமுறை உணவகத்திலிருந்து வாங்கிய பிரியாணியை நிறுத்தியதில் 1,400. மளிகைக் கடையில் பற்று வைப்பதை விட்டுக் கைக்காசுக்கு வாங்கியதில் 900. அருகிலுள்ள இடங்களுக்கு நடந்து சென்றதில் பெட்ரோலில் 400. தேவையற்ற இரண்டாவது செல்பேசி இணைப்பைத் துண்டித்ததில் 300. ஆக மொத்தம் 4,000 ரூபாய்! பிள்ளைகளின் பாலிலும், தாயாரின் மருந்திலும், வெள்ளிக்கிழமை தர்மத்திலும் நாங்கள் கை வைக்கவில்லை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு அல்லவா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மிச்சம் பிடித்த பணம் கையில் தங்கினால் வேறொரு செலவு அதைத் தின்றுவிடும். ஆகவே அன்றன்றைய மிச்சத்தை அன்றே ஒரு தகர டப்பாவில் போட்டோம். மாதம் பிறந்ததும் வட்டியோடு 4,000 ரூபாயை அசலில் கழிக்கச் சொல்லி, நோட்டில் கையெழுத்தும் பெற்றேன். இரண்டாம் மாதம் வட்டி 1,380 ஆகக் குறைந்தது. ஆயினும், கட்டும் 5,500 ரூபாயை நாங்கள் குறைக்கவில்லை. வட்டியில் குறைந்ததும் அசலுக்கே சென்றது. பதினோராம் மாதம் கடன் தீர்ந்தது.

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அக்கடனுக்கு அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தினார்கள். கடன் எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குறைப்பதற்குச் செலவே இல்லாத ஏழை வீடுகளும் உண்டு. அவர்களுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது முறையன்று. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒருவர் (9:60). சில ஊர்களில் பைத்துல்மால் மூலம் வட்டியில்லா நகைக்கடனும் கிடைக்கிறது. வட்டிக்காரரின் வாயிலுக்குப் போகுமுன் இவற்றை நாடுங்கள். கடன் கொடுத்தவர்களே! இயலாதவருக்குத் தவணை கொடுங்கள்; அதுவும் இறைக் கட்டளையே (2:280).

சகோதரர்களே! உங்களுக்குக் கடன் இருந்தால், இன்றிரவே இல்லத்தாரிடம் தொகையை மறைக்காமல் சொல்லி, ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் கடனிலிருந்து மீண்ட வழி அங்கிருந்துதான் தொடங்கியது.

வல்ல இறைவன் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.