பாடல் எழுதியவன் எங்கே?

கடந்த மாதம் சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ‘சின்ன மாமியே’ பாடினாள். கரகோஷம் அடங்க நேரமெடுத்தது. ஒலிவாங்கியைப் பிடித்த இளம் அறிவிப்பாளர், “ஏ. ஈ. மனோகரனின் புகழ்பெற்ற பாடல்” என்றார். சபையில் எவரும் மறுக்கவில்லை.

அது மனோகரனின் பாடல் அன்று. பாடிப் பரப்பியவர் நித்தி கனகரத்தினம். எழுதியவர் வதிரி கமலநாதன் மாஸ்டர், உதைபந்தாட்டத்தாலும் அறியப்பட்டவர். 2018 இல் மறைந்த மனோகரனுக்குச் ‘சுராங்கனி’ தந்த புகழே தாராளம். பிறர் பாடலைச் சூட்டித்தான் அவரைப் பெருமைப்படுத்த வேண்டுமென்பதில்லை. (சொல்லக் கூசுகிறது: எண்பதுகளில் நானும் இதே பிழையைப் பத்திரிகையில் எழுதி, வாசகர் ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இளைஞரை நோவானேன்? அவர் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் பாடல் ஒலிக்குமுன் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைச் சொல்வார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து கேட்டவர்களுக்கும் அவை மனப்பாடம். இன்றைய பாட்டுப் போட்டிகளிலோ நடுவரின் கண்ணீருக்கு நேரமுண்டு. எழுதியவன் பெயருக்கு இல்லை.

2015 இல் கனடாவிலிருந்து சென்ற ஜெசிக்கா ‘விடை கொடு எங்கள் நாடே’ பாடியபோது உலகெங்கும் நம்மவர் அழுதனர். நானும் அழுதேன். அது வைரமுத்து எழுதி, 2002 இல் வெளிவந்த தமிழகத் திரைப்படப் பாடல். 2023 இல் அரியாலைச் சிறுமி கில்மிஷா வென்றபோது யாழ்ப்பாணமே கொண்டாடியது. அப்பிள்ளைகளிடம் ஒரு குறையும் காணேன். என் வழக்கு நம்மோடுதான். நம் துயரை உலகுக்குச் சொல்லவும் கோடம்பாக்கமா எழுதித்தர வேண்டும்? நம்மவர் எழுதியவை அந்த மேடைக்கு ஏன் போகவில்லை?

மேடை அவர்களுடையது, விதியும் அவர்களுடையது என்பார்கள். சரி. நான் நடுவராக இருந்த மேடை யாருடையது? அன்று பாடப்பட்ட பதினெட்டுப் பாடல்களில் ஈழத்துப் பாடல் ஒன்றே ஒன்று. அதற்கும் தகப்பன் பெயரை மாற்றிவிட்டோம்.

பரிசளிப்பின்போது ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிக் கமலநாதன் பெயரைச் சொன்னேன். முடிந்ததும் சிறுமியின் தாயார் அருகே வந்தார்.

“ஐயா, அந்தப் பெயரை ஒருக்கால் எழுதித் தாங்கோ.”

நிகழ்ச்சிநிரலின் பின்புறத்தில் இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன்.